அடுப்புப் புகையும் கிராமக் குடும்பத்தின் ஆரோக்கியமும்

கிராம சுகாதாரத்தைக் குறித்துப் பேசுங்கால் குடிதண்ணீரைப் பற்றியும், சாக்கடையைப் பற்றியும், கொசுவைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுவது வழக்கம். வீட்டிற்குள்ளேயே நாள்தோறும் இரு வேளையும் உண்டாகும் ஒரு கேட்டைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. அதுதான் அடுப்புப் புகை. சமையலறைச் சுவர் கறுத்திருப்பதும், கூரையின் உட்புறத்தில் ஒட்டடை கரிபிடித்துத் தொங்குவதும், சமைப்பவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதுகுழலை ஊதுவதும் பரம்பரையாய்க் கண்டு பழகிய காட்சிகள். ஆதலால் அவை ஒரு குறையாகவே எவருக்கும் தோன்றுவதில்லை. சுவரில் படிந்த அக்கரியே சமைப்பவளின் சுவாசப்பையிலும் படிகிறது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வெளுப்பாக்கலாம். சுவாசப்பைக்கு அவ்வாறு செய்ய வழியில்லை.

இக்கேட்டின் தன்மை யாது, அதை நீக்குவதற்கு இதுவரை செய்யப்பட்ட முயற்சிகள் யாவை, கூட்டுறவுச் சங்கத்தார் இதில் செய்யத்தக்கது என்ன என்பவை இங்கு விளக்கப்படுகின்றன.

புகை உண்டாகும் விதம்

விறகு நேரே எரிவதாகத் தோன்றினும் உண்மையில் அப்படியன்று. சூடேறியவுடன் விறகிலிருந்து சில ஆவிகள் வெளிப்படுகின்றன. அவ்வாவிகளே சுவாலையாய் எரிகின்றன. போதிய வெப்பமும் போதிய காற்றும் இருந்தால் அவை முற்றிலும் எரிந்து நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். வெப்பமோ காற்றோ குறைந்தால் பாதி எரிந்த நிலையிலேயே வெளியேறும். பாதி எரிந்த அப்பொருளே புகையாகும்.

ஈர விறகு அதிகமாய்ப் புகைவதன் காரணமும் இதுவே. அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி செலவழிந்துவிடுகிறது. அடுப்பு வாயில் விறகைத் திணித்தால் காற்றுப் புக இடமின்றிப் புகை மிகும். முள், சுள்ளி, பருத்தி மார், சோளத்தட்டை, தென்னை மட்டை ஆகியவை சடுதியில் பற்றிச் சடுதியில் அணைவதால் அடிக்கடி தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தள்ளும்போதும் புகை எழும். எல்லாவற்றிலும் அதிகமாய்ப் புகைவது வரட்டி. ஆகவே வீடு ஏழ்மைப்பட்டதாக ஆக, எரிக்கும் பொருளின் தரமும் தாழ்கிறது, புகையும் ஏறுகிறது.

புகையில் உள்ளவை

புகையிலுள்ள கேடுகளில் முக்கியமானவை இரண்டு. முதலாவது, நுண்துகள். ஒரு மில்லிமீட்டரை நானூறு பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, அவ்வளவும் அதற்குக் குறைவுமான குறுக்களவுடைய துகள்கள் இவை. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்துகளோ சுவாசப்பையின் அடிவரை சென்று தங்குகிறது. இரண்டாவது, கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இது இரத்தத்தில் கலந்து, பிராணவாயு செல்லவேண்டிய இடத்தைத் தான் பற்றிக்கொள்கிறது. குமிட்டி அடுப்பில் கரி கனன்று எரியும்போது கண்ணுக்குப் புகை தோன்றாவிடினும் இவ்வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். மூடிய அறையில் குளிருக்காகக் கரிச்சட்டி வைத்து உறங்கியவர்கள் இறந்துபோவது இதனாலேயே.

ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் ஒரு நாளின் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் வகுத்தது. இந்திய சர்க்கார் 2009-ல் விதித்த எல்லை 60 மைக்ரோகிராம். விறகடுப்பு எரியும் வேளையில் காற்றோட்டமில்லாத சமையலறையில் இவ்வளவு பல நூறுக்கு ஏறும். சில வேளைகளில் ஆயிரத்தையும் தாண்டும்.

உண்டாகும் நோய்கள்

நெடுநாள் இப்புகையைச் சுவாசிப்பவர்களுக்கு மூச்சுக்குழல் சுருங்கி நீடித்த இளைப்பு நோய் உண்டாகிறது. புகைபிடிக்கும் வழக்கமே இல்லாத கிராம ஸ்திரீகளிடத்தில் இந்நோய் காணப்படுவதற்கு அடுப்பு ஒரு பெருங்காரணம். மாரடைப்பு, பக்கவாதம், சுவாசப்பைப் புற்று, கண்ணில் புரை ஆகியவற்றோடும் இப்புகைக்குத் தொடர்பு உண்டு என்று வைத்திய நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா ஜுரம் காணும் அபாயம் மிகுகிறது. தாய் அடுப்படியில் இருக்கும்போது இடுப்பிலும் மடியிலும் இருப்பது குழந்தையன்றோ! அவள் உள்ளிழுக்கும் காற்றையே அதுவும் உள்ளிழுக்கிறது.

உலக முழுவதிலும் 2020-ல் வீட்டுப் புகையால் நேர்ந்த மரணங்கள் சுமார் 32 லட்சம் என்றும், அவற்றுள் இரண்டு லட்சத்து முப்பத்தேழாயிரத்துக்கு மேற்பட்டவை ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளின் மரணங்கள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது.

அடுப்பைத் திருத்த நேர்ந்த முயற்சிகள்

எரிபொருளை மாற்றாமல் அடுப்பை மட்டும் திருத்தலாகாதா என்று கேட்கக்கூடும். இம்முயற்சி பழையதே. ஹைதராபாத் என்ஜினீயரிங் ஆராய்ச்சிச் சாலையில் எஸ். பி. ராஜு வகுத்த, புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பு 1950-களில் பிரசித்தி பெற்றது. 1983-ல் இந்திய சர்க்கார் நாடெங்கும் திருந்திய அடுப்புகளைப் பரப்பும் திட்டமொன்றைத் தொடங்கினர். 2002-ல் அது முடிவதற்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வழங்கப்பட்டன.

ஆயினும் விளைந்த பயன் செலவுக்கு ஈடாகவில்லை. ஒடிஸா ராஜ்யத்துக் கிராமங்களில் புகைபோக்கி அடுப்புகளை நான்கு வருஷ காலம் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆராய்ச்சியொன்று 2016-ல் வெளியாயிற்று. முதல் வருஷத்தில் ஸ்திரீகள் உட்கொள்ளும் புகை குறைந்தது. பின்னர் குழாயில் கரி அடைத்துக்கொண்டது, மண் வெடித்தது, செப்பனிடுவார் இல்லை. நாளடைவில் குடும்பங்கள் பழைய அடுப்புக்கே திரும்பின. கிடைத்த நன்மையும் மறைந்தது.

இதிலிருந்து அறியத்தக்கவை இரண்டு. அடுப்பைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. பராமரிப்பே பாதி வேலை. மேலும் புகைபோக்கி புகையை ஒழிப்பதில்லை. வீட்டிலிருந்து தெருவுக்கு அனுப்புகிறது. நெருங்கிய தெருவில் நாற்பது வீடுகள் ஒரே வேளையில் உலை வைத்தால், ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் சாளரம் வழியாய் நுழையும். ஆகவே நிலையான பரிகாரம் எரிபொருளை மாற்றுவதேயாம்.

விறகுக்கு மாற்று

மாற்று எரிபொருள்களில் கிராமத்துக்கு ஏற்றவை மூன்று.

முதலாவது, சாண எரிவாயு. 1893-ல் வெளியான தம் அறிக்கையில் டாக்டர் வோல்க்கர் என்னும் விவசாய நிபுணர், இந்தியக் குடியானவன் சாணத்தை எரிப்பது எருவின் அருமை அறியாமையாலன்று, விறகு கிடைக்காமையாலேயே என்று எடுத்துக்காட்டினார். சாணத்தைத் தொட்டியிலிட்டுக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்தால் மீத்தேன் வாயு உண்டாகிறது. அது நீல நிறச் சுவாலையாய்ப் புகையின்றி எரிகிறது. தொட்டியிலிருந்து வெளிவரும் கழிவு நல்ல எரு. அடுப்பும் எரிகிறது, வயலும் எருப் பெறுகிறது. ஒரு கன மீட்டர் வாயுவுக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் தேவை. சாதாரணக் குடும்பத்துக்கு வேண்டிய இரண்டு கன மீட்டருக்கு நாள்தோறும் 50 கிலோ சாணமும் அதே அளவு நீரும் வேண்டும். தொழுவத்தில் நான்கைந்து மாடுகள் உள்ள வீட்டுக்கே இது தகும். ஒற்றை மாட்டுக்காரருக்கு உதவாது. சர்க்கார் இதற்கு உதவித்தொகையும் அளித்து வந்தனர். கவனிப்பாரற்ற தொட்டிகள் குப்பைக் குழிகளாய் மாறியதையும் மறைக்கலாகாது.

இரண்டாவது, உருளைகளில் அடைத்து வரும் சமையல் எரிவாயு. இந்தியன் ஆயில் கார்ப்பரேஷன் 1965 அக்டோபரில் கல்கத்தாவில் தன் முதல் இணைப்பை அளித்தது. நெடுங்காலம் நகரவாசிகளின் சௌகரியமாகவே இருந்த இது, தமிழ்நாட்டில் 2006-க்குப் பின் சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச அடுப்பும் இணைப்பும் அளித்ததால் கிராமங்களில் பரவிற்று. 2016 மே முதல் தேதி தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் கீழ் இந்தியா முழுவதும் ஏழைக் குடும்பத்து ஸ்திரீகளின் பெயரிலேயே இணைப்புகள் வழங்கப்பட்டு, 2019 செப்டம்பரில் எட்டுக் கோடியை எட்டின.

மூன்றாவது, மின்சார அடுப்பு. இது வீட்டில் துளியும் புகையாது. ஆனால் மின்சாரம் தடைப்படும் வேளையில் உதவாது. அடி தட்டையான தனிப் பாத்திரங்களும் வேண்டும். எரிவாயுவுக்குத் துணையாக இதை வைத்துக்கொள்ளலாம்.

மண்ணெண்ணெய் இவ்வரிசையில் சேராது. அதுவும் நுண்துகளை உண்டாக்கும். தீ விபத்துக்கும் இடமளிக்கும்.

உருளை இருந்தும் விறகு எரிவதேன்?

இங்கேதான் கவனிக்கவேண்டிய விஷயம் உள்ளது. இணைப்புப் பெற்ற வீடுகளில் பல, உருளையை ஒரு மூலையில் வைத்துவிட்டு விறகையே எரிக்கின்றன. ஐந்து பேர் உள்ள குடும்பம் சமையல் முழுவதையும் எரிவாயுவில் செய்தால் 14.2 கிலோ உருளை ஏறக்குறைய 45 நாள் வரும். அதாவது வருஷத்துக்கு எட்டு உருளை வேண்டும். உஜ்வலா குடும்பங்கள் வாங்கிய உருளைகளின் சராசரி 2019-20-ல் மூன்று. 2023-24-ல் ஏறக்குறைய நான்கு. தேவையில் பாதி உருளை. மீதிப் பாதி விறகுப் புகை. காலையில் தேநீருக்கும் அவசரத்துக்கும் எரிவாயு. சோற்றுக்கும், வெந்நீருக்கும், நெல் அவிப்பதற்கும் விறகு என்பதே நடைமுறை.

பழக்கம் விடாமையே இதற்குக் காரணம் என்பர் சிலர். அது சரியன்று என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. விழுப்புரம், நாகப்பட்டினம் ஜில்லாக்களிலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா தேசங்களிலும் 2018 முதல் ஒரு பெரிய பரிசோதனை நடைபெற்றது. மொத்தம் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகள் அதில் சேர்ந்தனர். ஒரு பாதியாருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாத காலத்துக்கு வேண்டிய எரிவாயுவும் இலவசமாய் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்பட்டன. மற்றப் பாதியார் பழையபடி விறகையே எரித்தனர். எரிவாயு பெற்ற வீடுகள் விறகடுப்பை ஏறக்குறைய முற்றிலும் கைவிட்டன. கர்ப்ப காலத்தில் விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகளின் நடுத்தர அளவு 70 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல்; எரிவாயு பெற்றவர்களுக்கு 24 மைக்ரோகிராம். விலை என்னும் தடை நீங்கியவுடன் பழக்கம் என்னும் தடை தானே நீங்கிற்று.

அதே பரிசோதனையின் மற்றொரு முடிவையும் சொல்லியே தீரவேண்டும். குழந்தைகளின் பிறப்பு எடையில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை என்று 2022-ல் வெளியான அறிக்கை கூறிற்று. முதல் வயதில் கடும் நிமோனியாவும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே அடுப்பை மாற்றிய மறுமாதமே நோயெல்லாம் தீரும் என்று எவரும் வாக்குக் கொடுத்தல் தகாது. பல வருஷம் சேர்ந்த கேடு சில மாதத்தில் நீங்குமென எதிர்பார்ப்பதற்கில்லை. தெருவிலுள்ள புகையும் சேர்ந்தே உடலைத் தாக்குகிறது. ஆனால் சுவாசிக்கும் புகையில் மூன்றில் இரு பங்கு குறைந்தது என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. அக்குறைவு, அடுப்பு கொடுத்ததனாலன்று. எரிவாயு தடையின்றிக் கிடைத்ததனாலேயே நேர்ந்தது.

விறகு இலவசமா?

விறகுக்குச் செலவில்லை என்று குடும்பத் தலைவர் கருதுகிறார். அவர் கையிலிருந்து பணம் போவதில்லை என்பதே அதன் பொருள். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் விறகுக்காகச் செலவாவதாய் வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 468 மணி ஆகிறது. எட்டு மணி கொண்ட வேலைநாளாய்க் கணக்கிட்டால் 58 நாட்களுக்கு மேல். இவ்வளவு நாள் உழைப்பையும் குடும்பம் செலவழித்துவிட்டு, அதைக் கணக்கில் மட்டும் எழுதாமல் விடுகிறது. உழைப்பவள் ஒருத்தி, கணக்கு எழுதுபவர் வேறொருவர் என்பதே இதற்குக் காரணம்.

மற்றொரு இடையூறு, உருளையின் விலையை ஒரே தொகையாய்க் கொடுக்கவேண்டி இருப்பது. உஜ்வலா இணைப்புகளுக்கு 2022-ல் 200 ரூபாயும் 2023 அக்டோபர் முதல் 300 ரூபாயும் உதவித்தொகை விதிக்கப்பட்டது. எனினும் முழு விலையையும் முன்னதாகக் கொடுத்து உருளையை வாங்கிய பின்னரே அது பாங்கிக் கணக்கில் வந்து சேரும். தினக்கூலியில் காலந்தள்ளுபவரிடம் அன்றன்றைக்கு இருபது ரூபாய் இருக்கலாம்; ஒரே நாளில் தொள்ளாயிரம் ரூபாய் இராது. விறகோ அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று பொறுக்கிக்கொள்ள இடந்தருகிறது.

சங்கங்கள் செய்யத்தக்கது

சிறு தொகைகளைச் சேர்த்துப் பெருந்தொகையாக்கி உரிய காலத்தில் உதவுவதே 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்க் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதன் நோக்கம். ஆகவே இவ்விஷயம் சங்கத்தின் வேலைக்குப் புறம்பானதன்று. உபவிதிகள் அனுமதிக்கும் அளவில் கீழ்க்கண்டவற்றை யோசிக்கலாம்.

1. எரிவாயுச் சிக்கனச் சேமிப்பு. உருளை விலை 900 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 45 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 20 ரூபாய்; வாரத்துக்கு 140 ரூபாய். ஏழு வாரத்துக்குள் ஓர் உருளையின் விலை சேர்ந்துவிடும். இத்தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, உருளைக்கன்றி வேறெதற்கும் கொடுக்காதிருத்தல் நலம்.

2. பால் சங்க அங்கத்தினரிடம் அவர்கள் எழுத்து மூலம் சம்மதித்தால், பால் பணத்திலிருந்தே இத்தொகையைப் பிடித்துவைக்கலாம். கைக்கு வந்த பணத்தைச் சேமிப்பதினும் கைக்கு வருமுன் சேமிப்பது எளிது.

3. எரிபொருளுக்காக வட்டிக்குக் கடன் கொடுத்தல் தகாது. உண்ணும் சோற்றுக்கு வட்டி கட்டும் குடும்பம் முன்னேறாது. முதல் உருளைக்கு மட்டும் பொது நன்மை நிதியிலிருந்து முன்பணம் அளித்து, அடுத்த ஏழு வாரத்தில் திரும்பப் பெறுவது வேறு விஷயம்.

4. ஒரே தொகை கொடுக்க இயலாதவர்கள் 5 கிலோ உருளையைக் கேட்டுப் பெறலாம். மேற்படி விகிதத்தில் அதன் விலை சுமார் 317 ரூபாயாகும். சுமார் 16 நாள் வரும்.

5. இவ்விஷயம் விவாதிக்கப்படும் பொதுக்கூட்டத்துக்கு ஸ்திரீ அங்கத்தினர்களைத் தவறாது அழைத்தல் வேண்டும். புகையைச் சுவாசிப்பவர்கள் இல்லாத கூட்டத்தில் புகையைப் பற்றித் தீர்மானம் செய்வது முறையன்று.

6. முழுத் தெருவாகச் சேர்ந்து மாறுவதே பலன் தரும். பத்து வீடுகள் ஒன்றாய் மாறினால் அப்பத்து வீடுகளின் காற்றும் ஒருங்கே தெளியும்.

எச்சரிக்கைகள்

சமையல் எரிவாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளை வைக்கும் அறையில் தரைமட்டத்திலும் காற்றுப்போக வழி இருக்க வேண்டும். உருளை எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதற்கு மேலான உயரத்தில் மேடைமீது இருக்க வேண்டும். கசிவை அறிவிப்பதற்காகவே அதில் நாற்றமுள்ள பொருளொன்று கலக்கப்பட்டுள்ளது. அந்நாற்றம் வந்தால் தீக்குச்சி கிழித்தலும் மின்விசையைத் தொடுதலும் கூடாது. உருளையை மூடிக் கதவு சன்னல்களைத் திறந்துவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் வெடிப்பு உண்டாவென்று அடிக்கடி பார்த்து, அதில் குறித்த காலத்துக்குள் மாற்ற வேண்டும்.

வெந்நீருக்கும் நெல் அவிப்பதற்கும் விறகு தவிர்க்க முடியாததாயின், அவ்வடுப்பை வீட்டுக்கு வெளியே, தொட்டிலுக்கும் திண்ணைக்கும் எட்டத்தில் அமைக்க வேண்டும். விறகைப் பிளந்து வெயிலில் நன்றாய் உலர்த்தி, மழைக்காலத்துக்கு முன்பே நனையாத இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும். அடுப்பெரியும் வேளையில் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அவ்விடத்தினின்று விலக்கி வைத்தல் அவசியம்.

முடிவுரை

இந்தியாவின் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 மட்டுமே சுத்தமான எரிபொருளில் சமைப்பதாக 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கு கூறிற்று. தமிழ்நாடு முழுவதற்கும் அவ்வளவு நூற்றுக்கு 80-க்கு மேல். அடுப்புகள் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிட்டன. இனிச் செய்யவேண்டியது அவை அணையாமல் காப்பதே. அது சர்க்காரால் மட்டும் முடிவதன்று. வாரம் 140 ரூபாய் சேர்ப்பதும், அதை ஒழுங்காய்க் கணக்கில் வைப்பதும், தீர்ந்த உருளைக்குப் பதில் மறுநாளே வேறு உருளை வரச் செய்வதும் சங்கத்தின் செயலாளரும் அங்கத்தினரும் செய்யக்கூடிய வேலைகளே. அடுத்த பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் வீட்டில் சென்ற வருஷத்தில் எத்தனை உருளை வாங்கப்பட்டது என்று கேட்டறிந்து வந்து சொன்னால், அவ்வூரில் வேலை எங்கே தொடங்கவேண்டும் என்பது அக்கணக்கிலிருந்தே விளங்கும்.